சக்கரத்துக்கு முகம் கழுவியாச்சா?

போன மாதம், நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கடையில் ஒரு கூத்து நடந்திருக்கிறது. சிவகிரியிலிருந்து புதிதாக ஒருவர் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். நாற்பதைத் தாண்டியவர், டயர் வேலையில் பழக்கமுள்ள கை. ஒரு பழைய காரின் நான்கு அலாய் வீல்களையும் கழற்றி வரிசையாகச் சாய்த்து வைத்திருக்கிறார். உள்ளே இருந்து, பட்டறையைப் பார்த்துக்கொள்கிற மேடம், "முகம் கழுவியாச்சா?" என்று கேட்டிருக்கிறார். மனிதர் நேரே குழாயடிக்குப் போய், சோப்புப் போட்டு முகத்தைக் கழுவி, துண்டால் துடைத்துக்கொண்டு வந்து நின்றாராம். கடையே உருண்டு சிரித்திருக்கிறது.

அன்று சாயங்காலமே அவர் கடையில் என் நம்பரை வாங்கி எனக்குப் போன் செய்துவிட்டார்.

"அண்ணாச்சி, சிரிச்சவங்க சிரிச்சிட்டுப் போட்டும். சக்கரத்துக்கு முகம் கழுவணும்னு சொல்லுதாவளே, அது எந்த ஊருப் பேச்சு? நான் எத்தன கடையில வேல பாத்துருக்கேன், எங்கயும் கேட்டதில்ல."

"வேற எங்கயும் கேட்டிருக்க மாட்டீரு வே. அது நம்ம கடையிலயே பொறந்த பேச்சு," என்றேன். கதையைச் சொல்லுங்கள் என்றார். போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. அதில் என்னுடைய தப்பு ஒன்றும் இருப்பதால், வாய்க்குள் மென்று விழுங்கிவிடுவேனோ என்ற பயமும் உண்டு. எழுதினால் அப்படிச் செய்ய முடியாது. அதனால் எழுதுகிறேன்.

என் தொழில் வரலாறு ஒரு பத்தியில் அடங்கிவிடும். பள்ளிக்கூடம் பிடிக்காமல் சைக்கிள் கடைக்குப் போனேன். சக்கரத்தில் கோட்டம் எடுக்கப் பழகினேன். அங்கிருந்து ராஜபாளையத்தில் லாரி டயர் பட்டறை. இடுப்பு விட்டுப்போக ஆரம்பித்ததும் சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கே திரும்பி, பழைய கார்களை வாங்கி விற்கிற இந்தக் கடையில் சேர்ந்தேன். முன்பக்கம் கார்கள் நிற்கும். பின்பக்கத் தகரக் கொட்டகையில் சக்கர வேலை. கொட்டகைக்கு நான்தான் ராஜா. உரசின வீலுக்குப் பட்டி தடவித் தேய்த்து, வெள்ளிப் பெயிண்ட் அடித்துக் கொடுப்பேன். பார்க்கிறவர்கள் புதுசா என்று கேட்பார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

இப்படி இருக்கும்போது முதலாளி ஒருநாள், "சுப்பையா, இனிமே பின்பக்கத்த மருமக பாத்துக்கிடுவா," என்றார். மருமகள் கிரேஸ். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவர், அப்போது இருபத்தெட்டு வயது. எனக்கு நாற்பத்தாறு. சக்கரப் பட்டறைக்கு ஒரு பெண் மேற்பார்வையா என்று எனக்குச் சுருக்கென்றது. வீட்டில் புலம்பினேன். "நீரு கழட்டுத சக்கரத்த அந்தப் பொண்ணு பாத்தா சக்கரம் உருளாதோ?" என்று கேட்டுவிட்டு என் வீட்டுக்காரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

முதல் வாரத்திலேயே மேடம் என்னிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கிக்கொண்டார். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்லுகிற வார்த்தைதான். வீலைக் காட்டி வாடிக்கையாளர், ஓட்டம் தாங்குமா என்ற அர்த்தத்தில், "நிக்குமா?" என்பார். நாம், "நிக்கும் அண்ணாச்சி," என்போம். அவ்வளவுதான், அவர் நிம்மதியாகப் போய்விடுவார். ஒரு மளிகைக் கடைக்காரரிடம் அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், மேடம் பின்னால் நிற்கிறார்.

"அண்ணாச்சி, நிக்கும்னு எத வச்சுச் சொன்னீங்க?"

"முப்பது வருச அனுபவம் மேடம்."

"முப்பது வருசத்துல, நிக்கும்னு சொல்லி அனுப்புன வீலு நிக்காமப் போச்சுன்னு யாராவது திரும்பி வந்துருக்காங்களா?"

"ஒருத்தர்கூட வந்ததில்ல," என்றேன். நெஞ்சை நிமிர்த்தித்தான் சொன்னேன்.

"நிக்காத வண்டி எப்படி அண்ணாச்சி திரும்பி வரும்?"

சத்தம் போடாமல், குத்திக்காட்டாமல் கேட்டார். சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டார். எனக்கு அன்று இரண்டு வாய் சோறு குறைவாகத்தான் இறங்கியது. அதற்குப் பிறகு அந்தக் கொட்டகையில் 'நிக்கும்' என்ற சொல் கிடையாது. 'பாத்தாச்சு' அல்லது 'இன்னும் பாக்கல', இரண்டில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும்.

பார்ப்பது என்றால் எப்படிப் பார்ப்பது? அதற்கு ஒரு முறை கொண்டுவந்தார். பெரிய மெஷின் எதுவும் இல்லை. டயரைக் கழற்றிவிட்டு வீலைச் சோப்புத் தண்ணீரில் முழுக்கக் கழுவ வேண்டும். காய்ந்ததும் மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டிக் கேட்க வேண்டும். நல்ல வீல் சத்தத்தை இழுத்துக்கொண்டு ஒலிக்கும். வெடித்த வீல், சந்தையில் ஓட்டைப் பானையைத் தட்டியது போல 'டொக்' என்று அடங்கிவிடும். பிறகு, அடிபட்ட இடங்களில் பெயிண்டை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் தெரியும்படி எடுக்க வேண்டும். அதன் மேல் மண்ணெண்ணெய் தடவி அரைமணி நேரம் சும்மா விட வேண்டும். அரைமணி என்றால் அரைமணி. டீ குடித்துவிட்டு வந்து 'ஆச்சு' என்று சொல்லக் கூடாது. பிறகு மண்ணெண்ணெயைச் சொட்டு இல்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸ் பொடியை மெல்லிசாகத் தூவிக் காத்திருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால், உள்ளே போன மண்ணெண்ணெய் மெல்ல ஊறி வெளியே வரும். வெள்ளைப் பொடியில் ஈரமாக ஒரு கோடு விழும்.

அந்தக் கோட்டை நான் முதல்முறை பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது. பளபளவென்று இருந்த, நானே பெயிண்ட் அடித்து மெச்சிக்கொண்ட வீலில் அது விழுந்தது. சாக்பீஸ் வைத்திருந்த டப்பா, மேடம் வீட்டில் பிஸ்கட் தீர்ந்துபோன தகர டப்பா. நாங்கள் சோதித்த வீல்கள் எல்லாம் அந்த டப்பாவைத் தாண்டித்தான் போயின.

சரி பண்ணுவதா, மாற்றுவதா என்று கேட்கிறவர்களுக்கு மேடம் ஒரே பதில்தான் வைத்திருந்தார். "தோல்ல பட்ட காயம்னா மருந்து போடுவோம். வளைஞ்சிருந்தா உருவி நிமித்தலாம், அதுவும் கொஞ்சம்னா. எலும்பு முறிஞ்சிருந்தா மாத்தித்தான் ஆகணும். மாவுக்கட்டு மனுசனுக்குத்தான் கூடும், வீலுக்குக் கூடாது." வெடித்த வீலைப் பற்றவைத்துத் தரச் சொல்லி வந்தவர்கள் பலர், ஒருவருக்கும் செய்து தரவில்லை. மாற்றிய வீலைப் பழைய இரும்புக்காரரிடம் முழுசாகப் போடவும் விடமாட்டார். உரிமையாளரிடம் கேட்டுக்கொண்டு, குறுக்கே அறுத்துத்தான் போட வேண்டும். முழுசாகப் போனால் யாராவது பட்டி தடவி இன்னொருவர் தலையில் கட்டிவிடுவார்கள் என்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இதைச் சொன்னதும், எதற்கெடுத்தாலும் மாற்றச் சொல்லுகிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். ஜவுளிக் கடைக்காரர் ஒருவர், ஓரத்தில் உரசின கோடுகளுக்காக நான்கு வீல்களையும் தூரப் போட்டுவிட்டுப் புதுசு போடச் சொன்னார். எங்களுக்கு நல்ல வியாபாரம். மேடம் நான்கையும் சோதித்துவிட்டு, "அண்ணாச்சி, முகத்துல பரு வந்தா தலையவா மாத்துவீங்க?" என்றார். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. தன்னால் பணம் கொடுக்க முடியாது என்று நினைத்துவிட்டார்களோ என்று கோபம். கடைசியில் சிரித்துவிட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடித்துக்கொண்டு போனார். இன்றைக்கும் அவர் வீட்டு வண்டிகள் எல்லாம் அங்கேதான் வருகின்றன.

இனி அந்த வீல்.

வாசுதேவநல்லூரிலிருந்து ஒரு வியாழக்கிழமை தாயும் மகளும் வந்தார்கள். தாய் பேச்சியம்மாள், வயலும் மாடுமாக உழைத்து மகளை நர்ஸுக்குப் படிக்க வைத்தவர். கணவர் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. மகள் மாரிச்செல்வி. ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி ஷிப்டில் சேர வேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ்ஸை நம்ப முடியாது என்று, வெளியூரில் ஒருவரிடம் பழைய கார் வாங்கியிருந்தார்கள். எங்கள் கடை வண்டி இல்லை. வண்டி நல்ல வண்டிதான். வீல்களில்தான் பெயிண்ட் உரிந்து, ஓரமெல்லாம் உரசியிருந்தது.

"இந்த வீலப் பாத்துத்தான் சார் இந்தக் காரையே எடுத்தேன். இந்த டிசைன் இப்ப வரது இல்ல. கறுப்பும் வெள்ளியுமா அடிச்சுக் குடுங்க," என்றாள் மாரிச்செல்வி. தாய்க்கு வீலின் அழகைப் பற்றிக் கவலை இல்லை. முந்தாநாளே கோமதியம்மன் சன்னதிக்கு முன் வண்டியை நிறுத்திப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கியிருந்தார்கள். கோயில் புற்றுமண்ணைச் சந்தனத்தில் குழைத்து, நான்கு வீல்களிலும் மூன்று விரல் அகலத்துக்குப் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார் அந்த அம்மா.

புற்றுமண் என்றால் சங்கரன்கோவில்காரனுக்கு என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். காய்ச்சலுக்கு நெற்றியில் இடுவோம், வயிற்றுவலிக்கு நாக்கில் வைப்போம். கீழே சிந்தினால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். மண்ணெண்ணெய் துணியால் அதைத் துடைத்து சாக்கடையில் விட எனக்குக் கை வரவில்லை.

மூன்று வீல்களில் பொட்டு இருந்த இடம் ஒரு சேதமும் இல்லாமல் இருந்தது. ஓரங்களில் மட்டும் சோதித்தாலே போதும் என்று பட்டது. நான்காவது வீலில், நடுவிலிருந்து விளிம்புக்கு ஓடுகிற ஒரு கையின் அடியில், அடிபட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே பொட்டு இருந்தது. நான் அதைச் சுற்றிக் கழுவினேன். அதைச் சுற்றித் தேய்த்தேன். அதைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவினேன். தட்டிப் பார்த்தபோது சத்தம் கொஞ்சம் மங்கலாகத்தான் கேட்டது. முன்னால் யாரோ தடவிய பட்டியாக இருக்கும் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டேன். சாக்பீஸ் பொடியில் கோடு விழவில்லை. பெயிண்ட் அடிக்கிற வரிசையில் எடுத்து வைத்துவிட்டு, வெள்ளிக்கிழமை வீட்டுக்குப் போய்விட்டேன்.

சனிக்கிழமை காலையில் மேடம் அந்த வீலுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

"இத பாத்தாச்சா அண்ணாச்சி?"

"பாத்தாச்சு மேடம்."

"பொட்டு அப்படியே இருக்கே. தண்ணி பட்டிருந்தா மண்ணு கரைஞ்சிருக்கும். மண்ணெண்ணெய் பட்டிருந்தா கறுத்திருக்கும்." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அப்ப இந்த இடத்த மட்டும் பாக்கல."

"அது கோமதியம்மன் புத்துமண்ணு மேடம்," என்று இழுத்தேன்.

"சரி."

"அதோட..."

"அதோட என்ன?"

"கிறிஸ்தவங்க கடையில அம்மன் பொட்ட அழிச்சிட்டாவன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு வந்துரக் கூடாதுல்லா. ஒங்களுக்காகத்தான் விட்டேன்."

அது உண்மைதான். முழு உண்மை இல்லை என்றாலும் பாதிக்கு மேல் உண்மை. மேடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"எனக்காக நீங்க பாத்தீங்க. நாளைக்குக் காலையில இருட்டோட அந்தப் பொண்ணு தனியா ஓட்டிட்டுப் போவா. அவளுக்காக யாரு அண்ணாச்சி பாப்பாங்க? எனக்காகன்னு சொல்லி இனிமே எதையும் விட்றாதீங்க."

"இப்பவே தொடச்சிருதேன் மேடம்."

"நீங்களும் தொடைக்க வேண்டாம், நானும் தொடைக்க வேண்டாம். வச்சவங்க கையாலயே எடுக்கட்டும்," என்று சொல்லிவிட்டு வாசுதேவநல்லூருக்குப் போன் போட்டார்.

பதினொரு மணி வாக்கில் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். வண்டி தயாராகிவிட்டது என்று நினைத்து வந்திருப்பார்கள் போலிருக்கிறது. விஷயத்தைக் கேட்டதும் பேச்சியம்மாளுக்கு முகம் கறுத்துவிட்டது.

"பொட்ட அழிக்கச் சொல்லுதியளா? எம் புருசன் போன அன்னைக்கு எம் பொட்ட அழிச்சாவ. இப்ப எம் மக வண்டிப் பொட்ட என் கையாலயே அழிக்கணுமோ?"

மகள், "எம்மா, சும்மா இரு," என்று கையைப் பிடித்தாள். அந்த அம்மா உதறிவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதற்குத்தானே பயந்தேன் என்று உள்ளுக்குள் ஒரு அற்பத் திருப்தி வேறு.

மேடம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். தான் கீழே, வீலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அழிக்க வேண்டாம்மா. முகம் கழுவுவோம். காலையில முகம் கழுவிட்டுத்தான பொட்டு வைக்கோம்? கழுவுன முகத்துல திரும்ப நீங்களே வைங்க."

"நீங்க பொட்டே வைக்க மாட்டிய. ஒங்களுக்கு அதப் பத்தி என்ன தெரியும்?"

"பொட்டு வைக்கத் தெரியாதும்மா. முகம் கழுவத் தெரியும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. ஆனால் எழுந்து வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த வெற்றிலையை எடுத்து அதில் ஏந்திக்கொண்டு, நனைந்த பஞ்சால் புற்றுமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். தரையில் ஒரு சொட்டு விழவில்லை. கொட்டகைக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கால் படாத இடம் ஒன்றை மேடம் காட்டினார். அங்கே கொண்டுபோய் வெற்றிலையோடு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தார்.

நான் அந்த இடத்தைத் தேய்த்தேன், மண்ணெண்ணெய் தடவினேன். அரைமணி நேரம். மாரிச்செல்வி செல்போனில் மணி பார்த்துக்கொண்டே இருந்தாள். "சாயங்காலத்துக்குள்ள பெயிண்ட் காஞ்சிரும்லா சார்?" என்று இரண்டு தடவை கேட்டாள். பிறகு துடைத்துவிட்டு, மேடம் நீட்டிய டப்பாவிலிருந்து பொடியை எடுத்துத் தூவினேன்.

முதலில் ஒன்றுமில்லை. வேண்டிக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம். அப்புறம் ஒரு புள்ளி ஈரமானது. அதற்குக் கீழே இன்னொன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டும் சேர்ந்து, விளிம்பை நோக்கி என் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கோடு ஆனது. பொட்டு இருந்த அதே இடத்தில்.

பேச்சியம்மாள் அதைப் பார்த்தார். அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"தாலியறுத்த அறுதலி கை பட்டுட்டே. மகள வைக்கச் சொல்லாம நான் வச்சேன். அதான் வெடிச்சிட்டு."

அப்படியெல்லாம் சொல்லாதீங்கம்மா என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். அந்தச் சமாதானம் அவர் காதில் ஏறவே இல்லை. தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கையைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. நேற்று நான் பொட்டைத் தாண்டிப் போனதை மேடம் அவர்களிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லவும் மாட்டார். நான் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என் பெயர் தப்பிக்கும். அந்த அம்மா ஆயுசு முழுவதும் தன் கைதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு இருப்பார்.

பிளேடை எடுத்து அந்தக் கோட்டைச் சுரண்டினேன். உலோகம் என்று நான் நினைத்தது சாம்பல் நிறப் பட்டியாக உதிர்ந்தது. அதற்கும் கீழே, பற்றவைத்த மேடு தெரிந்தது.

"இங்க பாருங்கம்மா. இது யாரோ பத்தவச்சு, பட்டி தடவி, பெயிண்ட் அடிச்சு மறைச்சது. இந்தப் பட்டி காஞ்சு வருசக்கணக்காச்சு. நீங்க பொட்டு வச்சு நாலு நாள்தான் ஆகுது. ஒங்க கைக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடையாது." நிறுத்தினால் மறுபடி வராது என்று ஒரே மூச்சில் சொன்னேன். "இத நேத்தே கண்டுபிடிச்சிருக்கணும். பொட்டு இருந்த எடத்தப் பாக்காம, பாத்தாச்சுன்னு சொல்லி எடுத்து வச்சது நான்தான்."

"நீங்க ஏன் ஐயா பாக்கல?"

"பொட்ட எடுக்க மனசு வரலம்மா."

திட்டுவார் என்று நின்றேன்.

"எனக்கும்தான் வரல," என்றார்.

வீலை அறுக்கலாமா என்று மேடம் மாரிச்செல்வியிடம் கேட்டார். அவள் தலையை ஆட்டினாள். கிரைண்டரில் அறுக்கிற தகட்டைப் போட்டு நானே அறுத்தேன். பாதிகூட அறுத்திருக்க மாட்டேன். திருப்பி வைப்பதற்காக மரச்சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன். பொட்டு இருந்த அந்த வீல் கை அடியோடு பிளந்து வந்துவிட்டது. வெடிப்பு நாங்கள் பார்த்ததைவிட ஆழத்தில் ஓடியிருக்கிறது. மாரிச்செல்வி அருகில் வந்து, உடைந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு நான் இதுலதான போயிருப்பேன்," என்றாள். கறுப்பு, வெள்ளி என்று அதற்குப் பிறகு அவள் பேசவே இல்லை.

மற்ற மூன்று வீல்களிலிருந்தும் அந்த அம்மாவே பொட்டை எடுத்துக் கொடுத்தார். மூன்றும் சோதனையில் தேறின. ஆனால் ஒற்றை வீலுக்கு அதே டிசைன் உடனே கிடைக்காது. மேடம் முன்பக்கம் போய், அளவு சரியான நான்கு இரும்பு வீல்களை எடுத்து வரச் சொன்னார். அலாய் கிடைக்கும் வரை அதில் ஓட்டட்டும் என்றார். அதையும் சும்மா மாட்டவில்லை. கழுவி, சுற்றவிட்டுப் பார்த்து, நட்டுகளை மேடமே ஒரு தடவை முறுக்கிப் பார்த்தார். மூன்று மணி ஆகிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. கறுத்த இரும்பு வீலோடு அந்தக் கார், பட்டு வேட்டியில் கிளம்பிய மாப்பிள்ளை செருப்பில்லாமல் நிற்பது போல இருந்தது.

மேடம் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

"முகம் கழுவியாச்சும்மா. பொட்டு வைங்க."

அந்த அம்மா மடியிலிருந்து புற்றுமண் பொட்டலத்தை எடுத்துக் குழைத்தார். குழைத்துவிட்டு, கிண்ணத்தை மகளிடம் நீட்டினார். "ஏட்டி, நீ வையி."

நான் காட்டிய பட்டியும், பற்றவைத்த மேடும் அவர் மனசில் பாதி தூரம்தான் போயிருக்கிறது என்று அப்போது தெரிந்தது. மாரிச்செல்வி என்ன செய்வது என்று தெரியாமல் மேடத்தைப் பார்த்தாள்.

மேடம் மகளிடமிருந்து கிண்ணத்தை வாங்கித் தாயிடமே திருப்பிக் கொடுத்தார். "எடுத்த கைதான் வைக்கணும்மா. எங்க கடையில அதான் மொற."

அப்படி ஒரு முறை எங்கள் கடையில் அதுவரைக்கும் கிடையாது. அந்த நிமிஷத்தில்தான் மேடம் உண்டாக்கினார். பேச்சியம்மாள் ஒவ்வொரு வீலாகக் குனிந்து நான்குக்கும் வைத்தார். கறுப்பு இரும்பில் பொட்டு நன்றாக எடுத்துக் காட்டியது. நான்காவதை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது விரலில் இன்னும் கொஞ்சம் குங்குமம் மிச்சம் இருந்தது. மேடத்தின் வெறும் நெற்றியைப் பார்த்தார். அப்புறம் சுற்றிலும் பார்த்தார். மேஜையில் இருந்த சாக்பீஸ் டப்பாவின் மூடியில் அந்த விரலை வைத்து அழுத்தினார்.

மூன்று வாரத்தில் நான்காவது அலாய் வந்தது. மாரிச்செல்வி இன்றும் அந்தக் காரில்தான் ராஜபாளையம் போய் வருகிறாள். கொட்டகையில் அன்றிலிருந்து சோதனைக்கு 'முகம் கழுவுதல்' என்று பெயர் வந்துவிட்டது. யார் முதலில் சொன்னது என்று தெரியாது, நானாகத்தான் இருக்கும். நான் ஓய்வு பெறும் வரை அங்கே ஒரு வீலிலும் ஒரு இடத்தைக்கூடப் பார்க்காமல் விடவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. விட்டால் என்ன ஆகும் என்று என் கையாலேயே தட்டிப் பார்த்தவன் நான். மேடம் அந்தத் தப்பை அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுத்துப் பேசவில்லை. எனக்குக் கிடைத்த மேலதிகாரிகளில் அவரைப் போல இன்னொருவர் இல்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் இங்கே எழுதிவிட்டேன்.

சிவகிரிக்காரரே, நீர் கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான். கூடவே ஒன்று. அந்த டப்பாவின் மூடியில் குங்குமம் காய்ந்துபோய்க் கறுப்பாக இருக்கும். புது ஆள், சுத்தமாக வைக்கிற பழக்கம் உள்ளவர் வேறு. அழுக்கென்று நினைத்துத் துடைத்துவிடாதீர். வருஷா வருஷம் ஆடித் தபசுக்குக் கோயிலுக்கு வருகிற வழியில் பேச்சியம்மாள் கடைக்கு வருவார். யாரையும் கேட்க மாட்டார். டப்பாவை எடுத்துக் குழாயடிக்குப் போய், பழைய பொட்டைத் தன் கையாலேயே கழுவிவிட்டு, புதிதாக வைத்துவிட்டுப் போவார்.